ஐந்து ஸ்பீக்கரும் அரைச் சுவரும்

பெட்டி வாசலில் சிக்கி அரை மணி நேரமாகிவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெட்டிக்கு உள்பக்கம் துளசி, வெளிப்பக்கம் அவள் கணவர் வேலப்பன். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்றைக்கும் ஒல்லியாகத்தான் இருப்பார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையில் யாரோ ஒரு பழைய துரை கட்டிவைத்த லயத்து வரிசை வீட்டு வாசல் அது. தானா ராத்தா டவுனில் லோரியில் ஏற்றும்போது பெட்டி அளவாகத்தான் இருந்ததென்றும், மலை ஏறி வருவதற்குள் குளிருக்கு உப்பிவிட்டதென்றும் வேலப்பன் சத்தியம் செய்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் நாகப்பன் நின்று செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடை மழை பெய்துகொண்டிருந்தது.

"அண்ணன ஒரு கை புடிக்கச் சொல்லுங்களேன்," என்றாள் துளசி, பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

"எந்த அண்ணன்? எனக்கு இங்க யாரையும் தெரியாது லா," என்றார் வேலப்பன், செம்பருத்திக்குக் கேட்கும்படி.

கடைசியில் அந்த வழியாக வந்த, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டிதான், அட்டையைக் கிழித்துவிட்டுச் சாமானை மட்டும் உள்ளே கொண்டுபோகலாமே என்று சொல்லி வாசலைக் காப்பாற்றினார்.

வேலப்பனும் நாகப்பனும் பேசி எட்டு மாதமாகிறது. அதற்கு முந்தைய பத்தொன்பது வருஷம் அவர்கள் வாய் மூடியதே இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நாகப்பன் தன் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு வருவார். வேலப்பனுக்குப் பின்னால், சுவரோரமாக இருக்கும் நாற்காலியில் உட்காருவார். டிவியில் எந்தப் படம் ஓடினாலும் கதாநாயகிக்கு விடாமல் அறிவுரை சொல்வார். கதவைத் திறக்காதம்மா, அவன் கெட்டவன் என்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கதாநாயகியும் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், வீட்டில் விருந்தாளிகள் இருந்த நேரத்தில், "படம் பாக்க வந்தியா, படத்துக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்று வேலப்பன் கேட்டுவிட்டார். நாகப்பன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கோப்பையில் பாதி டீ இருந்தது. அதுதான் வேலப்பனை உறுத்தியது. டீயையாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

யார் முதலில் பேசுவது என்பதில் எட்டு மாதம் ஓடிவிட்டது. இனி ஓட இடமில்லை. நாகப்பனுக்கு இந்த மாதக் கடைசியில் அறுபது. தோட்டத்து வயர்மேன் வேலையிலிருந்து ஓய்வு. வேலை போனால் லயத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தவரை மகள் யுவனேஸ்வரி தான் இருக்கும் ஈப்போவுக்கே கூட்டிக்கொள்கிறாள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் ஏற்ற லோரி வருகிறது. அதற்குள் நாகப்பன் ஒரு தரம் தன் வாசலை மிதித்துவிட மாட்டாரா என்பதுதான் வேலப்பனின் ஒரே ஏக்கம். அதை யாராவது சொல்லியிருந்தால் மூக்கு மேலேயே குத்தியிருப்பார்.

ஆகவே, எனக்கு ஒருத்தர் துணையும் தேவையில்லை என்று உலகத்துக்கு அறிவிப்பதற்காக ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்பினார்.

தானா ராத்தாவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் சைஃபுல் முதலில் முழ நீளத்துக்கு ஒரு சவுண்ட் பாரைத்தான் காட்டினார். சின்ன வீட்டுக்கு அது போதும், டிவிக்குக் கீழே வைத்தால் வேலை முடிந்தது என்றார். வேலப்பன் அதை வாழைத்தண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முன்னாலிருந்து மட்டும் சத்தம் வந்தால் என்ன பிரயோஜனம்? சரி, எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று சைஃபுல் கேட்டார். வேலப்பனுக்குத் தெரியவில்லை. கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படம் பாக்கறப்ப பின்னால ஆள் இருக்கற மாதிரி இருக்கணும் தம்பி."

"அப்ப இதான்ணே. அஞ்சு ஸ்பீக்கரு, ஒரு பேஸ் பெட்டி. மூணு முன்னால, ரெண்டு பின்னால. நெசமாவே தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கும் லா."

இப்படித்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

மாட்டுவதில் அடுத்த சிக்கல். பத்து நிமிஷ வேலை, வயர்மேன் பக்கத்து வீட்டில் இருக்கிறார், ஒரு குரல் கொடுங்கள் என்றாள் துளசி. வேலப்பன் கொடுக்கவில்லை. தேயிலை ஆலையில் இலை உருட்டும் இயந்திரத்தை முப்பத்தைந்து வருஷம் மேய்த்தவனுக்கு இந்தத் தீப்பெட்டிகள் எம்மாத்திரம் என்றார். கூட வந்த புத்தகம் பதினோரு மொழியில் இருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழும் மலாயும் மட்டும் அதில் இல்லை. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மூன்று நாள் குனிந்தே கிடந்ததில், நாலாம் நாள் காலை அவர் ஆலைக்குக் கேள்விக்குறி வடிவத்தில் நடந்து போனார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினார். காட்டுப் படம். பின்பக்கத்திலிருந்து ஒரு யானை பிளிறியதில் வேலப்பன் நாற்காலியிலிருந்து விழுந்தார். சுவர்க் காலண்டர் மார்ச்சிலிருந்து நேராக நவம்பருக்குப் போனது. அடையில் இருந்த முனியாண்டி வீட்டுக் கோழி எழுந்து கம்போங் ராஜா ஊர்ப் பக்கமாக நடந்து போனதாகவும் திரும்பவில்லையென்றும் கேள்வி.

துளசி மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, யானை மேலயா இருக்கு?"

"ஒன்னுமில்ல. ஒன்னும் கேக்கல."

"இவ்வளவு சத்தத்துல ஒன்னும் கேக்கலையா?" வேலப்பனுக்கு மனைவியின் காதைப் பற்றிக் கவலை வந்தது.

இந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாண் எழும்பி, போதும் என்று நின்றுவிட்டது. அதற்கு மேலே தகரக் கூரை வரைக்கும் வெறும் காற்று, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக. இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் வெறுஞ்சோறு இறங்கும். வேலப்பன் தும்மினால் நாகப்பன் அங்கிருந்தே "நூறு" என்பார். நாகப்பன் தும்மினால் இவர் சொல்வார். இப்படி மாற்றி மாற்றிச் சொல்லி இருவரும் சேர்த்து வைத்த ஆயுசு சில லட்சம் வருஷம் இருக்கும். எட்டு மாதமாக இரண்டு வீட்டிலும் தும்மல் கேட்பாரற்றுப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் துளசி, தூசி தட்டுகிறேன் என்று டிவி அலமாரிக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிஷம் இருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் சாமி படங்கள் இருந்தன. இனி வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் யாரும் அலமாரியை நகர்த்தக் கூடாது, வெள்ளிக்கிழமையும் தான் மட்டுமே நகர்த்தலாம் என்று ஒரு சட்டம் போட்டாள். சாமி விஷயம், வேலப்பன் தலையாட்டினார்.

அன்று சாயங்காலத்திலிருந்துதான் அதிசயம் தொடங்கியது.

குடும்பப் படம். யானை கிடையாது. முன்னால் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். அப்போது பின்பக்கத்திலிருந்து, மிக மெல்லிதாக, யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டார். வேலப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் இருமல். பிறகு நாற்காலி ஒன்று முனகியது. இடைவேளை விளம்பரத்தின்போது, பின்னால் இடது பக்கத்தில், யாரோ டீ உறிஞ்சினார்கள்.

வேலப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று சைஃபுல் சொன்னதற்கு இப்போதுதான் முழு அர்த்தம் விளங்கியது. தியேட்டர் என்றால் படம் மட்டுமா? கூட உட்கார்ந்து பார்க்கிற ஆளும் சேர்த்துத்தானே தியேட்டர்.

"நேத்து புதுசு, அதான் கத்துச்சு," என்று மனைவிக்கு விளக்கினார். "இப்ப செட் ஆயிருச்சு. இயந்திரம்னா அப்படித்தான்."

"ஆமாங்க," என்றாள் துளசி. "இன்னிக்கு நல்லா கேக்குது."

ஒரே வாரத்தில் ஆலை முழுக்க இந்தச் செய்தி பரவியது. பின்னால் டீ குடிக்கிற சத்தம் வரைக்கும் கம்பெனிக்காரன் உள்ளே ஏற்றியிருக்கிறான் என்று வேலப்பன் உருட்டு இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னார். நம்பாத முனியாண்டியை வீட்டுக்கே கூட்டிவந்து உட்காரவைத்தார். முனியாண்டி ஐந்து நிமிஷம் கேட்டார். அவர் புருவம் மெல்ல ஏறியது. பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தார், சுவருக்கு மேலே பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் துளசி ஒரு முழு வடையை வைத்தாள். முடிந்ததும் இன்னொன்று. ஏழு வடைக்குப் பிறகு முனியாண்டி, அருமையான சாமான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் வேலப்பன் ராஜாவாக இருந்தார். வேலை விட்டால் நேரே வீடு. ஏழு மணிக்குப் படம். சிரிப்பு வரும் இடத்தில் அவர் சிரித்தால், பின்னால் அதுவும் மூக்கால் ஒரு சிரிப்பு சிரித்தது. வாங்கிய பொருளுக்கும் தனக்கும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக இரண்டாவது தட்டு சோறு கேட்டார்.

மூன்றாவது வாரம் முனியாண்டியின் வாயில் வடை இல்லாத ஒரு நேரத்தில் விஷயம் வெளிவந்தது. காலையில் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட, ஆள் கூடும் இடத்தில் நாகப்பன் சொன்னாராம்: வேலப்பன் படம் காட்டுகிறான், நான் டிக்கெட் இல்லாமல் காதாலேயே பார்க்கிறேன் என்று.

வேலப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காதால் வரத் தெரிகிறது, காலால் வரத் தெரியவில்லையா? கேட்க வேண்டுமென்றால் வாசல் வழியாக வந்து கேட்கட்டும். சத்தத்தை நிறுத்திவிட்டால் அவன் தன்னால் எழுந்து வருவான் என்று கணக்குப் போட்டு, சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை அடைப்பதென்று முடிவு செய்தார்.

"வேணாங்க," என்றாள் துளசி. "காத்து வர்ற எடம்."

அவர் கேட்கவில்லை. திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து பழைய நுரைப் பெட்டிகள் வந்தன. ரொட்டிச்சானாய்க் கடைகளிலிருந்து முட்டை அட்டைகள் வந்தன, சுமார் நாற்பதாயிரம் முட்டை உட்கார்ந்து எழுந்த அட்டைகள். ஏணி போட்டு, ஆணி அடித்து, கூரை வரைக்கும் கொசு நுழையாதபடி அடைத்தார். சுத்தியல் சத்தம் நின்ற பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தடவை தொண்டையைச் செருமும் ஒலி கேட்டதாகத் துளசி பிற்பாடு சொன்னாள்.

அன்று சாயங்காலம் பின் ஸ்பீக்கர்கள் செத்துவிட்டன.

இருமல் இல்லை. பெருமூச்சு இல்லை. டீ இல்லை. வேலப்பன் சிரித்தார், அவர் சிரிப்பு தனியாகப் போய் முட்டை அட்டையில் முட்டி விழுந்தது. வாசல் பக்கமும் யாரும் வரவில்லை.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். முன்னால் இருந்த மூன்றும் இடிஇடித்தன, தகரக் கூரை ஓர் அங்குலம் எழும்பி உட்கார்ந்தது, பின்னால் மூச்சில்லை. இன்னும் கூட்டினார். அன்றைய படத்தில் ஒரு தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அந்தச் சங்கு மூன்று மேடு தாண்டிக் கேட்டு, சாயங்காலம் ஏழரை மணிக்கு அறுபது பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூடையோடு பிரட்டுக்கு வந்து நின்றார்கள். முனியாண்டி பாதிப் பெயர் கூப்பிட்ட பிறகுதான் நிலா வந்திருப்பதைக் கவனித்தார்.

மறுநாள் தோட்டத்துத் துரை கூப்பிட்டனுப்பிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். வேலப்பன் குறைத்தார். குறைத்ததால் பின்னால் இருப்பது கேட்கவில்லையோ என்று, இரண்டு ஸ்பீக்கரையும் இறக்கித் துணிக்கொடியில் காதுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு நடுவில் உட்கார்ந்தார். மாட்டுப்பொங்கல் மாடு மாதிரி இருந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து அரை மணி நேரம் இருந்தார். தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இதற்கு நடுவில் மலைப் பனி தன் வேலையைக் காட்டியது. காற்று போக வழியில்லாமல் வீட்டுக்குள் ஈரம் கோத்துக்கொண்டது. கூரையில் நீர் முத்து முத்தாகச் சேர்ந்து சொட்டியது. முட்டை அட்டைகள் ஊறிப் பருத்து, வேகாத இட்டலி மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. சுவரில் பச்சைப் பாசி பூத்தது. வேலப்பன் நாளைக்கு நூறு தடவை தும்மினார்.

அடைப்பையும் மீறி ஒரு சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சாமான் கட்டுகிற சத்தம். டேப் இழுத்து ஒட்டுவதும், கட்டிலைக் கழற்றுவதும். அது கேட்கும்போதெல்லாம் வேலப்பன் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய் ஸ்பீக்கரைத் துடைத்தார்.

நாலாவது சனிக்கிழமை சாயங்காலம் சைஃபுலை மலைக்கே வரவழைத்தார். தன் மோட்டார் சைக்கிளில் கருவிப் பையோடு வந்த சைஃபுல், துணிக்கொடியில் தொங்கிய ஸ்பீக்கர்களைப் பார்த்து, தான் விற்றது இதைத்தானா என்று சந்தேகப்பட்டார்.

"பின்னால ரெண்டும் நல்லா வேல செஞ்சுச்சு தம்பி. என்னமா இருமும் தெரியுமா. டீ குடிக்கும். இப்ப ஒரு வாரமா பேச்சு மூச்சு இல்ல."

"டீ குடிக்குமா?"

"குடிக்கும்."

சைஃபுல் அவரை ஒரு தரம், துளசியை ஒரு தரம் பார்த்தார். துளசி ஒட்டடைக் கம்பை எடுத்தாள். மூச்சு முட்டுகிறது, பழுது பார்க்க வந்த ஆளுக்காவது காற்று வேண்டாமா என்று, ஊறித் தொங்கிய அடைப்பை ஒரே இழுப்பில் இழுத்தாள். நுரைப் பெட்டியும் அட்டையும் பாசியும் மழையாகக் கொட்டின. மலைக் காற்று உள்ளே வந்தது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் ரயிலடியில் பிரிகிற கட்டம். பின்னாலிருந்து யாரோ மெல்ல மூக்கை உறிஞ்சினார்கள்.

வேலப்பன் முகம் விடிந்தது. "வந்துருச்சு தம்பி, வந்துருச்சு. கைராசிக்காரன் லா நீ."

அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்த சைஃபுல் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "நான் இன்னும் ஒன்னும் தொடலண்ணே. பின் ஸ்பீக்கர் வயரு ரெண்டும் பெட்டியில மாட்டவே இல்ல. சுருட்டிக் கட்டிக் கெடக்கு. மேல ஒரு மாசத்துத் தூசி."

சொல்லிவிட்டு சைஃபுல் படத்தை நிறுத்தினார்.

வேலப்பன் துணிக்கொடிக்கு நடுவில் அப்படியே நின்றார். அட்டைத் தூசி மூக்கில் ஏறியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு தும்மல் தும்மினார்.

"நூறு," என்றது பின்பக்கம்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். வாய் முந்திக்கொண்டுவிட்டது. சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும்; சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி அவசரமாக முனகியது.

வேலப்பன் சுவருக்கு மேலே, தகரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்த அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமூச்சு, இருமல், மூக்கால் சிரித்த சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உரிய ஆளிடம் சேர்ந்துகொண்டன.

"நாகா."

வேலப்பன் சுவரோர நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"படம் பாதில நிக்குது. வா."

"டிக்கெட் எவ்வளவு?" என்றது சுவர்.

"பேசாம பாக்கறவனுக்கு அஞ்சு வெள்ளி. பேசிக்கிட்டே பாக்கறவனுக்குச் சும்மா."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. பிறகு செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், மழையில் நாலு எட்டு. நாகப்பன் வாசலில் நின்றார். ஒரு கையில் கோப்பை. மற்றச் சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது, கோப்பையை மட்டும் ஏனோ கட்டாமல் வெளியே வைத்திருந்திருக்கிறார். மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். அது இல்லாமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் துணிக்கொடியைப் பார்த்தார்கள்.

"காலைல எத்தன மணிக்கு லோரி?" என்றார் வேலப்பன்.

"பத்துக்கு."

"அப்ப இன்னும் ரெண்டு படம் பாக்கலாம். உக்காரு."

நாகப்பன் உட்காரவில்லை. தொழில்காரர் கண் வயருக்குப் போய்விட்டது. அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர், பத்தொன்பது வருஷத்துச் சிரிப்பை மொத்தமாகச் சிரித்தார். "ஒரு மாசமா வயரே மாட்டாம படம் பாத்துருக்க. நீ இயந்திரம் மேய்ச்ச ஆளா?"

"மாட்டுனேன்யா. என் கையால மாட்டுனேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மொத நாளு யானை கத்துச்சு, ஒனக்குக் கேக்கல?"

"கேட்டுச்சு. மறுநாள்தான் கேக்கல," என்றார் நாகப்பன், யோசனையாக. வயர்ச் சுருளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பழைய துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. ஆலையில் இருக்கும் ஆண்பிள்ளை எவனுக்கும் வராது. "சரி, நவுரு. நான் மாட்டித் தர்றேன்."

முடிச்சை அவிழ்க்க அவர் குனிந்தபோது, மூன்று டீயும் ஒரு காலி இடமும் உள்ள தட்டோடு அடுப்படியிலிருந்து வந்த துளசி, காலி இடத்தில் வைப்பதற்காக அவர் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"மாட்டாதீங்கண்ணே. மறுநாள் காலையில நாந்தான் உருவிக் கட்டி வச்சேன். அதுங்க ரெண்டும் கத்துனா நீங்க இருமுறது இவருக்குக் கேக்கமாட்டேங்குது."